வல்லரசு என்னும் சொல்லும் கோலார் தங்கவயலும்

முன்னுரை

ஒரு சொல்லின் பொருளை அதனைப் பெருமையுடன் ஆள்பவரிடம் மட்டும் கேட்டறிதல் முழுமையான ஆய்வாகாது. அச்சொல் சுட்டும் ஆற்றல் எவர்மீது செயற்பட்டதோ, அவர்தம் வாழ்வினையும் நோக்குதல் வேண்டும். தற்காலத் தமிழில் ‘வல்லரசு’ என்பது புகழ்ச்சொல்லாகவே வழங்கி வருகின்றது. படைவலிமையும் பொருள்வலிமையும் மிக்க நாடு என்பதே அதற்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள். இப்பொருள் குறையுடையது என்பதையும், அக்குறையைத் தமிழாய்வாளர் பொருட்படுத்தாது விட்டமை தவறு என்பதையும் கோலார் தங்கவயலின் வரலாறு கொண்டு நிறுவ இக்கட்டுரை முற்படுகின்றது.

சொல்லமைப்பும் வழக்கும்

வன்மை, அரசு என்னும் இரண்டும் புணர்ந்து அமைந்தது வல்லரசு. பேரரசு, சிற்றரசு, முடியரசு, குடியரசு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணத்தக்க சொல் இது. பேரரசும் சிற்றரசும் ஆட்சியின் அளவைக் காட்டும். முடியரசும் குடியரசும் ஆட்சி எவரிடத்தது என்பதைக் காட்டும். வல்லரசோ ஆட்சியின் தன்மையைக் காட்டுவது. இவ்வனைத்திலும் தலைமைச்சொல் ‘அரசு’ என்பதே. நாடும் அன்று, மக்களும் அல்லர்.

அன்றாட வழக்கு இதனை மறைத்துவிட்டது. ‘இந்தியா வல்லரசாகும்’ என்னும் தொடரில் எழுவாய் நாட்டைச் சுட்ட, பயனிலை அரசைச் சுட்டுகின்றது. ‘வல்லரசு நாடுகள்’ என்னும் தொடரோ இதழ்களில் பெருவழக்காயிற்று. ‘அரசு’ என்னும் பொருள் பேசுவோர் மனத்தில் நின்றிருப்பின் அதன்பின் ‘நாடு’ என்னும் சொல் வேண்டப்படாது. ‘வல்லரசு’ வெறும் அடைமொழியாகத் தேய்ந்தமைக்கு இதுவே சான்று. அரசின் வன்மை நாட்டின் வன்மையாகவும், நாட்டின் வன்மை மக்களின் வன்மையாகவும் ஓசையின்றி இடம்பெயர்ந்துவிட்டது.

ஏ.பி.ஜே. அப்துல் கலாமும் ய.சு. ராஜனும் 1998-இல் வெளியிட்ட ‘இந்தியா 2020’ நூலின் இலக்கு வளர்ச்சியடைந்த இந்தியா என்பதாகும். தமிழ் மேடைகளோ அதனை ‘2020-இல் வல்லரசு’ என்றே முழங்கின. வளர்ச்சியும் வல்லரசும் ஒன்றல்ல என்று எடுத்துக்காட்டும் கடமை தமிழ்த்துறைகளுக்கு இருந்தது. அக்கடமை உரியவாறு நிறைவேற்றப்படவில்லை.

மறுப்பும் விடையும்

‘வல்’ என்னும் அடி திறமையையே குறிக்கும் என்றும், வல்லுநர், வல்லவர், சொல்வன்மை என்பன அதற்குச் சான்று என்றும் சிலர் கூறக்கூடும். இஃது அரை உண்மையே. வன்முறை, வல்லடி, வன்கண் என்பனவும் அவ்வடியில் கிளைத்தனவே. 1989-ஆம் ஆண்டின் சட்டம் தமிழில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என வழங்குவதும் நோக்கத்தக்கது. வல்லுநரின் வன்மை அவர் செய்யும் தொழிலில் வெளிப்படும். அரசின் வன்மையோ ஆளப்படுவோர்மீது வெளிப்படும். திருக்குறள் செங்கோன்மைக்கு அடுத்துக் கொடுங்கோன்மையையும் வெருவந்த செய்யாமையையும் வைத்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அரசின் வலிமை குடிகள்மீது எவ்வாறு சென்று படுகின்றது என்பதே அங்கு அளவுகோல்.

தங்கவயல் தரும் சான்று

‘வல்’ என்பதன் இவ்விரு கிளைகளும் எவரெவரிடம் இருந்தன என்பதைத் தங்கவயலில் தெளிவாகக் காணலாம். 1880 முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் இங்குச் சுரங்கத்தொழில் வளர்ந்தது. அன்றைய உலகின் முதன்மை வல்லரசு பிரிட்டன். நிலத்தடியில் உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட தமிழ்மக்கள். 1902-இல் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து இங்கு மின்சாரம் வந்தது. பெங்களூரு நகருக்கு 1905-இல்தான் அது கிட்டியது. தலைநகரை முந்திக்கொண்டு மின்சாரம் இங்கு வந்தது தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ஒளியூட்டுவதற்கன்று. சுரங்க எந்திரங்களை இயக்குவதற்கே.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அவ்வாழத்தின் வெப்பத்திலும், பாறைவெடிப்பு அச்சத்திலும், நுரையீரலை அரிக்கும் கல்தூசியிலும் பணிபுரிதல் அருந்திறன். அத்திறனே மெய்யான வல்லமை. ஆயினும் அவர்களுக்கு வாய்த்த பெயர் ‘கூலி’. அவர்தம் இருப்பிடத்தின் பெயர் ‘கூலி லைன்’. அரசும் நிறுவனமும் காட்டிய வன்மையோ வேறு வகையினது. தங்கம் திருடப்படும் என்னும் ஐயத்தால் தொழிலாளர் உடல் சோதனையிடப்பட்டது. கைரேகை பதியும் திட்டத்தை எதிர்த்து அவர்கள் 1930-இல் வேலைநிறுத்தம் செய்தனர். 1946-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குத் தொழிலாளர் பலியாயினர். வல்லரசு என்பதன் உட்பொருளைத் தங்கவயல் மக்கள் அறிந்த வழி இதுவே.

அயலார் ஆட்சிக்கு உரிய இப்பொருள் விடுதலைக்குப்பின் பொருந்தாது எனச் சிலர் வாதிடலாம். 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின; 1962-இல் ஒன்றிய அரசிடம் சென்றன; 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 1998 மே மாதப் பொக்ரான் அணுவெடிப்புச் சோதனைகளை அடுத்து ‘அணு வல்லரசு’ என்னும் தொடர் எங்கும் ஒலித்தது. 2000-இல் ‘வல்லரசு’ என்னும் பெயரிலேயே தமிழ்த் திரைப்படம் வந்தது. 2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த ஊரில் எஞ்சியவை சயனைடு கலந்த மண்மேடுகள். இன்றும் மாரிக்குப்பத்திலிருந்து தொடர்வண்டியேறி நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று மீள்வோர் பல்லாயிரவர். அரசு வல்லரசாவதும் குடிகள் வல்லவராவதும் ஒன்றெனக் கூறுவோர் இவ்வூருக்கு என்ன விடை பகர்வர்?

தங்கவயல் மக்களைச் சொல்லற்றவராகக் கருதுதலும் பிழையாகும். அயோத்திதாசர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை 1926-இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே மீண்டும் வெளிக்கொணர்ந்தார். அயோத்திதாசர் நூல்களைச் சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை பதிப்பித்தது. வழங்கும் சொற்களின் பொருளை ஒடுக்கப்பட்டோர் நிலையிலிருந்து வினவிய மரபு அது. அம்மரபைப் பேணிய ஊரின் வரலாற்றை விடுத்து ‘வல்லரசு’க்குப் பொருள் காண முனைவது புலமைக்கு அழகன்று.

முடிவுரை

‘வல்லரசு வேண்டா, நல்லரசு வேண்டும்’ என்னும் எதிர்முழக்கமும் போதாது. அதுவும் அரசையே தலைமைச்சொல்லாகக் கொண்டு, மக்களை வேண்டி நிற்போராக்குகின்றது. செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ‘வல்லரசு’ அடைமொழியாகத் தேய்ந்துள்ள வழக்கை அகராதிகள் பதிவு செய்தல் வேண்டும். இரண்டாவது, ஆளப்படுவோர்மீது செலுத்தப்படும் வன்மை என்னும் பொருட்கூறும் விளக்கத்தில் இடம்பெறல் வேண்டும். மூன்றாவது, வளர்ச்சி என்னும் கருத்துக்கு இச்சொல்லை மாற்றாக ஆளும் வழக்கைப் பாடநூலாரும் ஆய்வாளரும் கைவிடல் வேண்டும். 1950 முதல் இந்நாடு குடியரசு எனும் பெயர் தாங்கி நிற்கின்றது. அப்பெயரில் முதற்கண் நிற்பது குடி. குடியின் வல்லமையை அளந்தறியாமல் அரசின் வல்லமையைப் போற்றுவது அப்பெயருக்கே முரணாகும்.