சோதனைக்கு முன்பே தீர்ப்பா?

2024 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை அடுத்த பல்லாவரம் மலைமேடு, காமராஜ் நகர்ப் பகுதி மக்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். உயிரிழப்புகளும் நேர்ந்துவிட்டன. குடிநீர் மாதிரிகள் கிண்டி கிங் ஆய்வு நிலையத்துக்குப் போயின. அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால், அங்கிருந்து முடிவு வரும்வரை பொறுத்திருக்க யாருக்கும் மனமில்லை. குடிநீரில் கழிவுநீர் கலக்கவில்லை, சாப்பிட்ட சாப்பாடு காரணமாக இருக்கலாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ஆய்வகம் வாய் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. இந்த அவசரத்தைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காரணம் தண்ணீர்தான் என்று அடித்துச் சொல்ல நாம் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியது ஆய்வகம். அது சொல்லும்வரை தண்ணீரைச் சந்தேகத்தில் வைப்பதா, விடுவிப்பதா என்பதுதான் கேள்வி. தவறாகச் சந்தேகித்தால் மக்கள் நாலு நாள் கூடுதலாகத் தண்ணீரைக் காய்ச்சுவார்கள். நஷ்டம் கொஞ்சம் கேஸ். தவறாக விடுவித்தால் அதே குழாயில் அடுத்த குடத்தையும் பிடித்துக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். இரண்டு தவறும் ஒன்றல்ல. பொது சுகாதாரத்தில் பாலபாடமான இதை மறந்துவிட்டுத்தான் அறிவித்திருக்கிறார்கள்.

அறிவிப்பு வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சென்னையிலும் மழை விடவில்லை. பல்லாவரத்துக்கு அடுத்திருக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்தையே அன்று மூட வேண்டி வந்தது. அந்த வாரமே பல்லாவரத்தில் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். மழை பெய்து தெருவில் தண்ணீர் தேங்கிய பிறகு ஒரு வட்டாரத்தில் வயிற்றுப்போக்கு கிளம்பினால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று எந்தச் சுகாதார ஆய்வாளரைக் கேட்டாலும் சொல்வார்.

நம் ஊரில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. வால்வைத் திறந்தால் வரும், மூடினால் நிற்கும். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது. விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். நின்றதும் அழுத்தம் போய்விடும். அப்போது குழாயைச் சுற்றித் தேங்கியிருப்பது அதே விரிசல் வழியே உள்ளே நுழையும். வெளியே மழைநீரும் சாக்கடையும் ஒன்றாகி நின்றால் உள்ளே போவதும் அதுதான். பிரதானக் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் மெல்லிய இணைப்புக் குழாய் எத்தனை தெருக்களில் சாக்கடைக்குள்ளேயே கிடக்கிறது என்பதைக் குனிந்து பார்த்தாலே தெரியும். துருப்பிடித்து, சேற்றில் பாதி புதைந்து, ஒட்டுப் போட்ட இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். அடிபம்பிலோ மோட்டாரிலோ உறிஞ்சும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். தண்ணீரோடு சேர்த்துச் சாக்கடையையும் இழுத்துக் கொடுக்கிறது மோட்டார். வாடை அடிக்கும் முதல் இரண்டு குடத்தை வாசலில் கொட்டிவிட்டு மூன்றாவதை வீட்டுக்குள் எடுத்துப் போவது இங்கே எத்தனையோ பெண்களுக்குப் பழகிப்போன வேலை.

இனி, சோதனை. குழாய்த் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கிருமிச் சோதனை அப்படியல்ல. கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளாவது ஆகும், உறுதி செய்ய அதற்கு மேலும் ஆகும். அதைத் துரிதப்படுத்த எந்த அதிகாரத்தாலும் முடியாது. முடிவைக் காத்திருந்துதான் பெற வேண்டும்.

இன்னொன்றையும் மக்களிடம் சொல்வதில்லை. புகார் வந்ததும் முதலில் செய்வது தொட்டியைக் கழுவி, குழாயைத் திறந்துவிட்டு, குளோரினைக் கூட்டிப் போடுவது. செய்ய வேண்டியதுதான். ஆனால், மாதிரியை அதன் பிறகு எடுத்தால் அதில் என்ன கிடைக்கும்? மாதிரிப் புட்டியில் குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். அது புட்டிக்குள் வந்த குளோரினைத்தான் முறிக்கும். குழாயிலேயே செத்துப்போன கிருமியை எழுப்பித் தராது. இன்றைய தண்ணீர் சுத்தம் என்ற சீட்டு, நான்கு நாளைக்கு முன் குடித்த தண்ணீருக்கு நற்சான்று ஆகாது. ஆகவே, மாதிரியை எந்தக் குழாயில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, குளோரின் போடுமுன்னா பின்னா எடுத்தார்கள் என்ற விவரம் இல்லாமல் வெளிவரும் எந்த முடிவையும் ஏற்க முடியாது.

சாப்பாடுதான் காரணமென்றால் அதற்கும் ஆதாரம் வேண்டும். நோயாளிகள் எல்லாரும் எந்த விருந்தில், எந்தக் கடையில் சாப்பிட்டார்கள்? ஒரே வட்டாரத்து வீடுகளில் படுத்தவர்களுக்குப் பொதுவாக இருந்தது என்ன? அரிசியைக் களைவதும் மீனைக் கழுவுவதும் எந்தத் தண்ணீரில்? இவற்றை வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்த பிறகு சாப்பாட்டின் மீது விரல் நீட்டியிருந்தால் அதை ஆய்வு என்று ஒப்புக்கொள்ளலாம். ஒரு பக்கம் மருத்துவ முகாம், இன்னொரு பக்கம் தண்ணீர் காரணமில்லை என்ற அறிவிப்பு. தெருவில் இருப்பவர் எதை நம்புவார்?

இது சென்னைக்குப் புதிதல்ல. உலகம் அதுவரை அறிந்திராத ஓ139 வகைக் காலரா 1992-ல் முதலில் தலைகாட்டியது இதே நகரில்தான். மறைக்காமல் சொல்ல முடியாது என்பதும் இல்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, காலரா உறுதியானதும் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடினார்கள். குழாய்களை அவ்வளவு மோசமாக விட்டதற்கு அங்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் உண்டு. ஆனால், நோயின் பெயரை வெளியே சொன்னார்கள்.

இங்கே முதலில் வருவது மறுப்புதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் என்ன நடந்தது? கருணாபுரத்தில் ஆட்கள் அடுத்தடுத்து இறக்கத் தொடங்கியபோது, கள்ளச்சாராயம் காரணமில்லை என்றுதான் முதல் விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தை நம்பித் துக்க வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வெளிவந்தன. மெத்தனால் 60 பேருக்கு மேல் கொன்றது. பிறகு ஆட்சியரை மாற்றினார்கள். மறுக்கச் சொன்னது யார், மறுக்க அவசரப்பட்டது ஏன் என்று எவரும் விளக்கவில்லை. ஆறே மாதத்தில் அதே வாக்கியத்தில் சாராயத்தை எடுத்துவிட்டுத் தண்ணீரைப் போட்டிருக்கிறார்கள்.

வேங்கைவயலை மறக்க முடியுமா? 2022 டிசம்பரில் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள்; தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள்; மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தது அந்தத் தலித் குடியிருப்பு மக்கள். தொட்டிக்குள் மனித மலம். இரண்டு ஆண்டு நெருங்கிய 2024 டிசம்பர் வரை ஒருவர் மீதும் குற்றப்பத்திரிகை இல்லை. அதற்கும் முன்னால் 2015-ல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. எல்லாம் விதிப்படி நடந்ததாகச் சாதித்தார்கள். அது மனிதர்கள் வரவழைத்த பேரழிவு என்று தணிக்கைத் துறையின் அறிக்கை பேரவைக்கு வந்தபோது 2018 ஆகியிருந்தது. ஆட்சி மாறியது, நாற்காலியில் இருந்தவர்கள் மாறினார்கள். முதலில் மறு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற புத்தி மட்டும் கைமாறிக் கைமாறி வருகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வாக்கர்டன் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை 5,000 அளவில். 2000 மே மாதம் பலத்த மழையில் மாட்டுச் சாணத்துக் கிருமி கிணற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் கெட்டிருக்கிறது என்று ஆய்வகம் மே 17 அன்று நீர்வாரியத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பியது. மே 19 அன்று சுகாதார அலுவலகம் கேட்டபோது, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் வாரிய மேலாளர். நம்பாத சுகாதார அதிகாரி, மே 21 அன்று தானாகவே காய்ச்சிக் குடிக்கச் சொல்லி எச்சரித்தார். 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் நோயுற்றார்கள். 19-ஆம் தேதியே உண்மை சொல்லியிருந்தால் 300 முதல் 400 பேர் தப்பியிருப்பார்கள் என்று கணக்கிட்டது நீதிபதி ஓகானரின் விசாரணை. இரண்டே நாள் தாமதம். மேலாளர் நீதிமன்றத்தில் நின்றார், மாநிலம் குடிநீருக்குப் புதிய சட்டம் போட்டது. இங்கே அந்த இரண்டு நாளில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கணக்கெடுக்கவாவது யாராவது இருக்கிறார்களா?

பல்லாவரத்தில் தட்டிக்கழிக்க வசதி கூடுதல். ஒரு தெரு தாம்பரம் மாநகராட்சி, அடுத்தது கண்டோன்மென்ட் வாரியம். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கை காட்டலாம். வயிற்றுப்போக்குக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. 1939-லேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. நாட்டிலேயே முதல் சட்டம். குடிநீருக்கு உள்ளாட்சியைப் பொறுப்பாக்கும் அந்தச் சட்டத்தின் பெருமையை விழா மேடையில் பேசுகிறவர்கள், பல்லாவரத்தில் அதை எடுத்துப் புரட்டவே இல்லை.

தண்ணீர் வழங்குகிறவரே தண்ணீருக்கு நற்சான்று தரும் ஏற்பாடு இனி கூடாது. மழைக்காலத்தில் எந்த வட்டாரத்தில் வயிற்றுப்போக்கு கூடினாலும் அன்று மாலைக்குள் எச்சரிக்கை ஊருக்குப் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். சாக்கடைக்குள் கிடக்கும் குழாய்களை மேலே எடுக்க வேண்டும். எந்தத் துறை, எந்த நிதி என்பதைக் கோட்டையில் உட்கார்ந்து பேசி முடிக்கட்டும். இப்போதைக்கு ஒன்றைச் செய்யலாம். ஏற்கெனவே சொன்ன மறுப்பைத் திரும்பப் பெறலாம். கிங் நிலையத்தின் முடிவு வந்ததும் மாதிரி எடுத்த தெரு, நாள், நேரத்தோடு அப்படியே வெளியிடலாம். வெளியிடுமுன் இறந்தவர்களின் வீடுகளுக்கு ஒரு மருத்துவ அதிகாரி நேரில் போய் அதைச் சொல்லட்டும்.