சி.டி. டிரான்ஸ்போர்ட் வாங்கப்போறீங்களா? முதல்ல ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பாருங்க!

காரைக்காலில் பல குடும்பங்களுக்கு பிரான்ஸ் பக்கத்து ஊர் மாதிரி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால், அந்நாட்டுக் குடியுரிமை பெற்று அங்கேயே தங்கிவிட்ட உறவினர்கள் ஏராளம். லீவுக்குக் கிளம்பும் சித்தப்பா போனில், ‘‘என்னப்பா வாங்கிட்டு வரட்டும்?’’ என்று கேட்கும்போது, பாட்டுப் பிரியர்கள் ‘சி.டி. டிரான்ஸ்போர்ட்’ என்று சொல்வதற்கு முன்னால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால், அது சி.டி. பிளேயர் அல்ல.

சி.டி. பிளேயருக்கு இரண்டு வேலை. தட்டில் உள்ள எண்களை லேசர் மூலம் படிப்பது ஒன்று. அந்த எண்களை ஒலி சிக்னலாக மாற்றுவது இன்னொன்று. ஒரு விநாடிப் பாட்டுக்கு இரண்டு சேனலிலும் சேர்த்து 14,11,200 பிட்கள்! டிரான்ஸ்போர்ட் முதல் வேலையோடு நிறுத்திக்கொள்ளும். மாற்றும் வேலையை ‘டாக்’ எனும் தனிக் கருவியோ, டாக் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரோ செய்ய வேண்டும். அது இல்லாத வீட்டில் டிரான்ஸ்போர்ட் வெறும் அலங்காரப் பெட்டிதான்.

அதனால் முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம். சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் மட்டும் இருந்தால் போதாது. ‘டிஜிட்டல் இன்’ என்ற இடத்தில் ‘கோஆக்சியல்’ அல்லது ‘ஆப்டிகல்’ இருக்க வேண்டும். செல்போனுக்காக விற்கும் பல குட்டி டாக்குகளில் யு.எஸ்.பி. மட்டுமே இருக்கும், டிரான்ஸ்போர்ட்டை அதில் இணைக்க முடியாது. இங்கேதான் பலரும் ஏமாறுவது.

அடுத்தது, அலமாரியில் என்ன தட்டுகள் இருக்கின்றன? கடையில் வாங்கிய ஒரிஜினல் ஆடியோ சி.டி.க்கள் என்றால் கவலையில்லை. டி.வி.டி. போல இதற்கு நாட்டுக்கு நாடு ‘ரீஜியன்’ பூட்டு கிடையாது. பாரிஸில் வாங்கிய தட்டும் சென்னையில் வாங்கிய தட்டும் ஒன்றுதான். ஆனால் நம் வீடுகளில் அதிகம் கிடப்பது, ஒரே தட்டில் 150 பாட்டு அடைத்த எம்.பி.3 சி.டி. ஆயிற்றே! கேம்பிரிட்ஜ் ஆடியோ சி.எக்ஸ்.சி., ஆடியோலேப் 6000சி.டி.டி. போன்ற பெயர்பெற்ற டிரான்ஸ்போர்ட்கள் ஆடியோ சி.டி.க்காகவே செய்யப்பட்டவை. எம்.பி.3 குவியலை நம்பி இவற்றை வாங்குவது வீண் செலவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய டி.வி.டி. பிளேயர் பரணில் இருக்கிறதா? பலவற்றின் பின்னால் கோஆக்சியல் அவுட் இருக்கும். அதையே டாக்கோடு இணைத்து ஒரு வாரம் கேளுங்கள். தட்டைச் சரியாகப் படிக்கிறது என்றால், டாக்குக்குப் போவது அதே எண்கள்தான். தனி டிரான்ஸ்போர்ட்டில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் சத்தமில்லாத ஓட்டம், உறுதியான மெக்கானிசம், கீறல் விழுந்த தட்டையும் பொறுமையாகப் படிக்கும் திறன். அதற்காக வாங்கலாம். ‘பாட்டே வேற மாதிரி கேக்கும்’ என்ற பேச்சுக்காக வேண்டாம்.

மின்சாரம் பிரச்னையில்லை. பிரான்ஸிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்காவிலிருந்து வருவதென்றால் பின்பக்க லேபிளைப் பார்க்காமல் சொருகாதீர்கள். வாரன்டிதான் சிக்கல்: வெளிநாட்டில் வாங்கியது பெரும்பாலும் இங்கே செல்லாது. கெட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுமார் 130 கி.மீ. தள்ளியிருக்கும் புதுச்சேரிக்கோ, இன்னும் தூரமாகவோ அலைய வேண்டியிருக்கும். எனவே லேசர் லென்ஸ் பகுதி தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் முதலில் பதம் பார்ப்பது எலெக்ட்ரானிக் பொருட்களைத்தான். ஜன்னல் ஓரம் வைக்காமல், வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். அணைத்துச் சூடு ஆறிய பிறகு மூடுவது முக்கியம்!

தட்டைத் துடைப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். பளபளக்கும் பக்கத்தைவிட, எழுத்து அச்சிட்ட பக்கத்தில் விழும் கீறல்தான் ஆபத்து. பாட்டு பதிந்த படலம் அந்த அச்சுக்கு அடியில்தான் இருக்கிறது.

கல்யாண நாகஸ்வரம், தாத்தா பேசிப் பதிந்தது என்று வீட்டில் எழுதிய சி.டி.-ஆர். தட்டுகள் இருந்தால், எந்த மெஷினுக்கும் காத்திருக்காதீர்கள். அவற்றின் சாயம் நாளாக ஆக மங்கும். சி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் இந்த வாரமே காப்பி எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். சித்தப்பா டிசம்பரில் வந்தால் போதும்.