ஊருக்குப் புதியவன் எந்தத் தெருவில் நுழைவது?

ஓரிக்கை என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், காஞ்சிபுரத்துப் பெரியவர்கள் ஒரு கதை சொல்லுவார்கள். திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணன். என்னைப் புகழ்ந்து பாடு என்று பல்லவ ராஜா அவனுக்கு உத்தரவு போட்டான். மனிதனைப் பாடமாட்டேன் என்றான் கணிகண்ணன். அப்படியானால் ஊரைவிட்டு வெளியே போ என்றான் ராஜா. சீடன் புறப்பட்டான். குருவும் கூடவே புறப்பட்டார். பெருமாளும் தம் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாராம். அன்று ராத்திரி அவர்கள் தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை'. அது தேய்ந்து ஓரிக்கை ஆயிற்று என்பது கதை. அந்தப் பெருமாளுக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் இன்றும் கோயில் இருக்கிறது.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். அதிகாரத்துக்கு அடிபணிய மறுத்து, இருந்த இடத்தை இழந்து, ஊர் ஓரத்தில் ஒரு ராத்திரி தலை சாய்த்தவர்களின் பெயரால் ஓர் ஊர் வழங்குகிறது என்பதே எனக்குப் பிடித்த விஷயம். ராஜாவின் பெயர் ஓரிக்கைக்காரர்கள் யாருக்கும் ஞாபகமில்லை.

இன்றைக்கும் ஓரிக்கையில் தலை சாய்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாயத்தாக இருந்த ஊர் 2011இல் காஞ்சிபுரம் முனிசிபாலிடியோடு சேர்க்கப்பட்டது. 2021இல் முனிசிபாலிடி கார்ப்பொரேஷன் ஆயிற்று. கருங்கல் மணிமண்டபத்தைப் பார்க்கக் காரில் வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் சொல்வது போகாதவர்களை. உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து வயல் தொழிலாளிகளின் பிள்ளைகள், ஒரிஸ்ஸா, பீகாரிலிருந்து ரயில் ஏறி வந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் வேலை. படுக்க ஓர் அறை இங்கே. விடியுமுன் கம்பெனி பஸ், இருட்டிய பிறகு திரும்பும் கம்பெனி பஸ். இரண்டுக்கும் நடுவில் இந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்தவை ஒரு டீக்கடையும் ஒரு ரீசார்ஜ் கடையும்தான்.

ஒருவன் ஊருக்குப் புதிதாக வந்தால் அவனுக்கு ஊரைக் காட்டுவது யார்? நான் தஞ்சாவூர் சீமையிலிருந்து கட்சி வேலையாக இந்தப் பக்கம் வந்தபோது இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. முதலில் காட்ட வருகிறவர் புரோக்கர். அடுத்தவர் வீட்டுக்காரர். ஒரு வீட்டு அம்மாள் என்னிடம் வாடகை சொல்லுமுன், "தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். "கூலி ஆளுங்கம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வீடும் கிடைக்கவில்லை. இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் தமிழ்நாட்டில் வாடகைக்கு வீடு பிடித்தவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இனிக் கோயில் பார்க்க வருகிறவர் கதை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். வழியில் "நம்ம கடை" ஒன்றில் நிறுத்துகிறார். காந்தி ரோடு முழுக்கப் பட்டுக்கடை. கண்ணாடி, விளக்கு, குளிர்ச்சாதனம். "தறியிலிருந்து நேராக" என்ற பலகை. அந்தத் தறி எந்தத் தெருவில் இருக்கிறது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. ஆட்டோக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடை தரும் கமிஷனை நம்பிப் பிழைக்கும்படி அவரை வைத்திருக்கிறார்கள்.

எங்கெல்ஸ் 1842ஆம் வருஷக் கடைசியில் மான்செஸ்டருக்கு வந்தபோது அவருக்கு வயது 22. அவர் தகப்பனார் அங்கே ஒரு நூல் மில்லில் பங்குதாரர். மகனைத் தொழில் பழக அனுப்பினார். மகன் பழகியது வேறு தொழில். மேரி பர்ன்ஸ் என்ற அயர்லாந்துத் தொழிலாளிப் பெண்ணின் துணையோடு, முதலாளி வீட்டுப் பிள்ளைகள் கால் வைக்காத சந்துகளுக்குள் நுழைந்தார். அவர் கண்டு எழுதிய விஷயம் இது: மான்செஸ்டரில் பெரிய ரோடுகளின் இரண்டு பக்கமும் கடைகள் சுவர் போல நின்றன. ஊருக்கு வெளியே பங்களாவில் இருக்கும் முதலாளி தன் ஆபீசுக்கு அந்த ரோடு வழியாகத் தினமும் போய் வரலாம். பின்னால் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது அவன் கண்ணில் படவே படாது. யாரும் திட்டம் போட்டு இப்படிக் கட்டவில்லை. ஆனாலும் அப்படித்தான் அமைந்தது. 1845இல் வெளிவந்த அந்தப் புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. காந்தி ரோட்டில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம் ஞாபகம் வருகிறது.

2019ஆம் வருஷம் ஜூலை 1 முதல் 48 நாள் அத்திவரதர் தரிசனம் நடந்தது. 40 வருஷத்துக்கு ஒரு முறை குளத்திலிருந்து எடுக்கும் மூர்த்தி என்று நாடே திரண்டு வந்தது. ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அந்த ஒரு கோடியில் எத்தனை பேர் ஒரு தறிக்குழியை எட்டிப் பார்த்திருப்பார்கள்? பக்தி அவர்கள் விஷயம். ஆனால் வருகிறவர்களுக்கு ஊரின் ஒரு முகத்தை மட்டும் காட்டி அனுப்புவதில் லாபம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊரை அறிய வேண்டுமானால் தறி ஓடும் தெருவில் நுழைய வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற இடங்களில் தறிச் சத்தமே வழி காட்டும். "கோயில் பார்க்க வர்றவங்களுக்கு வழி சொல்ல நூறு பேர் இருக்காங்க. தறி பார்க்கணும்னா மத்தியானம் வா தம்பி, வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றார் ஒரு கிழவர். போனேன். தரையில் குழி, குழிக்குள் கால், காலுக்கு மிதி. காஞ்சிப் பட்டின் உடலும் கரையும் வெவ்வேறு நிறம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு மூன்று நாடா வேண்டும். உடல் நூல் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓடி, இரண்டு பக்கமும் கரை நூலோடு கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கோர்வை என்கிறார்கள். ஓர் ஆளால் ஆகாது. பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளித் தர வேண்டும். பத்துப் பதினைந்து நாள் உழைத்தால் ஒரு சேலை. வேலைப்பாடு கூடினால் நாளும் கூடும். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தது. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காக அங்கே உட்கார வைக்கப்பட்ட குழந்தை. இன்று அந்த இடத்தில் மனைவி இருக்கிறாள். அவளுக்குத் தனிக் கூலி இல்லை.

பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெசவாளி இரண்டையும் விலை கொடுத்து வாங்க முடியாது. முதலாளியோ சொசைட்டியோ கொடுக்க வேண்டும். கொடுக்கிறவன் சொல்வது கூலி. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும், பாவு தொய்யும், தறி நிற்கும்; கூலியும் நிற்கும். வயல் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவனும் மழையைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவன்தான்.

இன்னொரு விஷயமும் அந்தத் தெருக்களில்தான் தெரிந்தது. ஒரு வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், அடுத்த வீட்டில் தமிழ், இன்னொரு தெருவில் சௌராஷ்டிரம். தேவாங்கர், பத்மசாலியர், செங்குந்தர், சௌராஷ்டிரர் என்று பல கூட்டத்தார். விஜயநகர ராஜ்யக் காலத்தில் தங்கள் முன்னோர் வடக்கேயிருந்து வந்ததாகப் பல குடும்பங்களில் சொல்லிக்கொள்கிறார்கள். ஆக, 2005இல் புவிசார் குறியீடு வாங்கி, இந்த ஊருக்கே சொந்தம் என்று முத்திரை குத்தப்பட்ட சேலையை நெய்ததில் ஒரு பங்கு வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் கை! அவர்கள் வந்திறங்கிய நாளில் அவர்களையும் யாராவது "என்ன ஆளுங்க?" என்று கேட்டிருப்பார்கள்.

2008இல் வந்த 'காஞ்சிவரம்' என்ற சினிமாவைத் தோழர்கள் பார்த்திருக்கலாம். மகளின் கல்யாணத்துக்கு ஒரு பட்டுச்சேலை நெய்ய, வாயில் பட்டு நூலை ஒளித்துக் கடத்தும் நெசவாளியின் கதை. அதிலும் ஊருக்குப் புதிதாக வரும் ஓர் ஆள்தான் நெசவாளர்களிடம் சங்கத்தைப் பற்றிப் பேசுகிறான். தேசிய விருது வாங்கிய படம். விருது படத்துக்குக் கிடைத்தது. தறிக்கு என்ன கிடைத்தது? 2019-20இல் மத்திய சர்க்கார் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்குக் குறைவான வருமானத்தில் இருந்தன. இது எங்கள் கணக்கல்ல, சர்க்கார் கணக்கு.

அதனால்தான் நெசவாளி வீட்டுப் பிள்ளையும் விடியுமுன் அதே கம்பெனி பஸ்ஸுக்கு வந்து நிற்கிறான். ஊர்க்காரன் என்றும் வந்தவன் என்றும் பிரித்துப் பேசுகிறவர்கள் ஒரு நாள் காலை நாலரை மணிக்கு ரோட்டுக்கு வந்து பார்க்கட்டும். பீகார்ப் பையன், வந்தவாசிப் பையன், பிள்ளையார்பாளையத்துப் பையன் மூவரும் ஒரே விளக்குக் கம்பத்தின் கீழ் ஒரே மாதிரிச் சட்டை போட்டு நிற்பார்கள். பேசிக்கொள்ள மாட்டார்கள். அதுதான் கவலை.

பேசாததன் விலை என்ன என்று 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள், கொல்லுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைபேசியில் பறந்தன. பீகார் சர்க்கார் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. எல்லாம் பொய் என்று தெரிந்தது. தெரிவதற்குள் எத்தனையோ பேர் மூட்டை கட்டி ரயில் ஏறிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காளின் பெயர் தெரிந்தவன், டீக்கடைக்காரரை அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியவன், அவ்வளவு சீக்கிரம் மூட்டை கட்டியிருப்பானா? யாரையும் தெரியாதவனுக்குக் கைபேசி சொல்வதுதான் ஊர்.

முதலாளிகளுக்கு இது சௌகரியமாகவே இருக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பிரம்மாண்டமான விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். சுத்தமான இடம் வேண்டும்தான். விடுதிச் சாப்பாடு விஷமாகி 2021 டிசம்பரில் பெண்கள் ரோட்டுக்கு வந்ததை மறக்க முடியாது. ஆனால் பஸ்ஸிலிருந்து விடுதி, விடுதியிலிருந்து பஸ் என்று வாழும் பெண்ணுக்கு ஊர் ஏது?

2024 செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சங்கம் வைக்கும் உரிமைக்காக 37 நாள் நின்றார்கள். மறு வருஷம் ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. 37 நாள் சம்பளமில்லாமல் ஒரு குடும்பம் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று மில் தொழிலாளிக்குத் தெரியும். மளிகைக்கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அடுத்த மாதம் கொடு என்று சொல்ல வேண்டும். முகம் தெரியாதவனுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? தெருவைத் தெரிந்துகொள்வது பொழுதுபோக்கு என்று நினைக்கிற இளந்தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வந்தவனுக்குச் சில விஷயங்களைத் தெருவே சொல்லித்தர வேண்டும். 2019 பிப்ரவரி முதல் அமலில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கிடையாது. இந்தச் சந்துகளில் அப்படி ஒரு காகிதத்தை நான் அபூர்வமாகவே பார்த்தேன். 2020 அக்டோபர் முதல் வெளியூர்க் கார்டுக்கும் இங்கே ரேஷன் வாங்கலாம். கியூவில் நிற்கும் ஒரிஸ்ஸாப் பையனுக்கு இதைச் சொல்ல யாருமில்லை. மீட்டருக்கு மேல் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொன்னதுதான் விலை என்று கரண்டுக்குக் காசு வாங்குவதை அடுத்த வீட்டு வாடகைக்காரரோடு பேசினால்தான் கணக்குப் பார்க்க முடியும்.

2025 நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலைத் திருத்தும் வேலை தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தார்கள். வாடகை வீடு மாறி மாறிப் பிழைக்கிறவன் பகலில் வீட்டில் இருப்பானா? "இங்கே குடியிருந்தவர் எங்கே?" என்று அதிகாரி கேட்கும்போது, "ஷிப்டுக்குப் போயிருக்கார், ராத்திரி வருவார், என்கிட்ட கொடுங்க" என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத அறைக்கு "பூட்டிய வீடு" என்று பெயர்.

2022 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டு நகரங்களில் முதல் தடவையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை போல, வார்டு ஜனங்கள் உட்கார்ந்து சாக்கடை, தண்ணீர், தெருவிளக்கு பற்றிப் பேசும் இடம். வாடகைக்காரர்கள் அங்கே வருவதில்லை. சொந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் அந்தக் கூட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் அதைத் திருத்துவதுமில்லை. ஓரிக்கைத் தோழர்களுக்கு நான் சொன்னது இதுதான்: அடுத்த கூட்டம் அறிவித்தவுடன் நோட்டீசைத் தமிழில் மட்டுமல்ல, இந்தியிலும் ஒரியாவிலும் கையால் எழுதி, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒட்டுங்கள். ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் கூட்டம் வைக்கச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். ஒரியா எழுதத் தெரிந்தவர் நம்மில் யாருமில்லை என்றார் ஒருவர். மேல்மாடி அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள் என்றேன்.