இலையோரத்து உப்பு

காய்ச்சல் உடலைச் சுட்டுத் தன் வரவைத் தெரிவிக்கும். மிகு இரத்த அழுத்தமோ பெரும்பாலும் அங்ஙனம் அறிவிப்பதில்லை. கருவி கொண்டு அளந்தாலன்றி அதனை அறிதல் அரிது. அறியாதிருப்பின் நெஞ்சும் மூளையும் சிறுநீரகமும் ஊறுபடும்.

உப்பு மிகின் உடலில் நீர் தங்கும். குருதியின் அளவு பெருகிக் குழாய்ச் சுவர்களை நெருக்கும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அஃது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாது. குழம்பிலும் பொரியலிலுமே அது பெரிதும் தீர்ந்துவிடுமாயின், ஊறுகாய்க்கும் அப்பளத்திற்கும் இடமேது? இலையோரத்தில் உப்பு வைத்தல் பழைய வழக்கமே; பழைமை ஒன்றே அதற்குப் போதிய காரணமாகாது.

தமிழகத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அழுத்தத்திற்குரிய மாத்திரையை இல்லத்திற்கே கொண்டு சேர்த்தது. நற்செயலே. ஆயினும் மாத்திரை வந்த வீடுகள் பலவற்றில் ஊறுகாய்ச் சாடி இருந்த இடத்திலேயே இருக்கின்றது.