அரிசிப் பொதியில் எழுதாமல் விடப்போவது என்ன?

தமிழ்க் கடையில் அரிசி மூட்டை தூக்கும்போது நாம் பார்ப்பது இரண்டுதான்: விலை, பிராண்ட். இன்னும் சில வருடங்களில் மூன்றாவது கேள்வி ஒன்றும் வரும். இந்த நெல்லின் மரபணுவில் யாராவது கை வைத்தார்களா? பதில் தெரிய வேண்டுமென்றால் அது பொதியில் எழுதியிருக்க வேண்டும். எழுதத் தேவையில்லை என்ற பக்கம்தான் ஐரோப்பா இப்போது நகர்கிறது.

2025 மே 4ஆம் திகதி இந்திய விவசாய அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கமலா'. மற்றது டெல்லியின் 'பூசா டிஎஸ்டி ரைஸ் 1'. இரண்டும் கிறிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் திருத்தப்பட்டவை. கமலாவின் தாய் ரகம் சம்பா மசூரி, அதாவது ஊரில் ஆந்திரா பொன்னி என்று விற்பது. கதிரில் மணி கூடாமல் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவை முடக்கியிருக்கிறார்கள். 19 வீதம் கூடுதல் விளைச்சல், 20 நாள் முந்திய அறுவடை என்கிறது அரசு. களச்சோதனைத் தரவை முழுசாக வெளியிடுங்கள் என்கின்றன எதிர்ப்பு அமைப்புகள். நியாயமான கோரிக்கைதான்.

இங்கே ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். பிடி பருத்தியில் பாக்டீரியாவின் மரபணுவைக் கொண்டுவந்து செருகினார்கள். கமலாவில் வெளி மரபணு எதுவும் மிஞ்சவில்லை. நெல்லின் சொந்த எழுத்தில்தான் திருத்தம். இதைச் சொல்லித்தான் இந்தியா 2022 மார்ச்சில் இப்படிப்பட்ட பயிர்களைக் கடுமையான பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கியது.

இந்த விவாதத்தின் இரண்டு பக்கமும் ஜேர்மனியில் ஒரே நகரத்தில் இருக்கின்றன. கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் ஹோல்கர் புக்தாவின் குழு, தாவரங்களின் குரோமோசோம்களையே வெட்டித் திருப்பி அடுக்கும் அளவுக்குப் போய்விட்டது. அதே நகரத்தில்தான் ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றமும் இருக்கிறது. மரபணுத் தொழில்நுட்பச் சட்டம் ரொம்பக் கடுமை என்று சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் போட்ட வழக்கை அந்த நீதிமன்றம் 2010 நவம்பர் 24இல் தள்ளுபடி செய்தது.

அது என்ன சொன்னது? மரபணு மாற்றுப் பயிர் எந்த வயலில் நிற்கிறது என்ற பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு இருக்கலாம். மகரந்தம் பறந்து பக்கத்து விவசாயியின் விளைச்சல் விற்க முடியாமல் போனால் பயிரிட்டவர் ஈடு கொடுக்க வேண்டும். நீண்டகால விளைவு பற்றி அறிவியல் இன்னும் முடிவுக்கு வராத நிலையில், வருங்காலத் தலைமுறையை நினைத்து அரசு கூடுதல் கவனமாக இருக்கத்தான் வேண்டும். நீதிமன்றம் தொழில்நுட்பத்தைத் தடை செய்யவில்லை. செய், ஆனால் ஒளிக்காதே என்றது. அதே 2010 பெப்ரவரியில்தான் இந்தியாவில் ஜெய்ராம் ரமேஷ் பிடி கத்தரிக்காயை நிறுத்தி வைத்தார்.

இப்போது காற்று மாறி வீசுகிறது. மரபணுத் திருத்தப் பயிர்களும் பழைய கடும் விதிக்குள்தான் வரும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் சொன்னது. 2025 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றப் பிரதிநிதிகளும் உறுப்பு நாடுகளும் வேறு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதன்படி, சிறு திருத்தம் மட்டும் செய்த பயிரென்றால் விதைப் பையில் குறிப்பு இருக்கும். கடைக்கு வரும் உணவுப் பொதியில் தேவையில்லை. விவசாயிக்குத் தெரியும், சாப்பிடுகிறவருக்குத் தெரியாது!

நம் வீடுகளில் இதற்கு இரண்டு குரல். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து "இது விஷம்" என்கிறார் அப்பா. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மகள், "அப்பா, சும்மா பயப்படாதீங்கோ, இது பழைய ஜிஎம் இல்லை" என்கிறாள். மகள் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. ஆனால் அப்பாவின் பயத்துக்குள்ளும் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது: விதை யாருடையது?

சம்பா மசூரியின் பூர்வீகத்தைப் பாருங்கள். கோயம்புத்தூரின் ஜிஇபி 24, தைவானின் ஒரு குட்டை ரகம், மலேசியாவின் மசூரி என மூன்று ஊர் இரத்தம் அதில் ஓடுகிறது. நம்மைப் போலவே அதுவும் கடல் கடந்து வந்த குடும்பம்தான். அரசு ஆராய்ச்சி நிலையங்கள் பொதுச் சொத்தாகக் கைமாற்றிய விதைகளில் பிறந்தது அது. கிறிஸ்பர் கருவி அப்படி இல்லை. அதைச் சுற்றி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காப்புரிமைச் சண்டைகள் வருடக்கணக்காக நடக்கின்றன. நாளைக்கு நெல் விதைக்கும் உரிமக் கட்டணம் வந்தால், கட்டப்போவது தஞ்சாவூரிலும் கிளிநொச்சியிலும் வயலில் நிற்பவர்தான்.

ஆகவே நம் நிலைப்பாடு 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லாக இருக்க முடியாது. உப்பு ஏறிய நிலத்தில் விளையும் நெல் ஊருக்குத் தேவை. அதைப் பயத்தால் தடுப்பது சரியில்லை. ஆனால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சோதனைத் தரவு முழுசாக வெளியே வர வேண்டும். விவசாயி தன் விதையை எடுத்துவைத்து அடுத்த போகத்துக்கு விதைக்கும் உரிமை போகக் கூடாது. பொதியில் உண்மை எழுதியிருக்க வேண்டும்.

ஜேர்மன் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதக் காசு செலவில்லை. இரண்டாம் தலைமுறைக்கு மொழியும் தெரியும், அறிவியலும் தெரியும். அரிசி இறக்குமதி செய்யும் நம் கடைக்காரர்களும் மூட்டை வாங்கும்போது இதைக் கேட்கப் பழக வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால்தான் அவர்களும் கேட்பார்கள்.