மூப்பர் சொன்ன செபம் செல்லுமென்றால் இதுவும் செல்லும்

கைத்தொலைபேசியில் சேர்ந்து சொல்லும் செபமாலை செபமே அல்லவாம். முகநூல் நேரலையில் திருப்பலியோடு இணைகிறவர் வெறும் பார்வையாளராம். வாட்ஸ்அப் குழுவில் நோயாளிக்காக மன்றாட்டுக் கேட்பது விசுவாசத்தை விளம்பரப்படுத்துவதாம். மன்னார்ப் பக்கத்துப் பங்குகளில் இப்படி வாதிடுகிறவர்கள் முடிவில் தவறாமல் ஒரு கேள்வியை வீசுகிறார்கள்: நம் முன்னோர்கள் இப்படியா செபித்தார்கள்?

சரி, முன்னோரைப் பற்றியே பேசுவோம்.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லை என்றானது. ஜோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்தது 1687இல். இடைப்பட்ட ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்தக் கரையில் யார் பூசை வைத்தார்கள்? யார் பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள்? மனப்பாடமாக வந்த செபத்தை ஊர் மூப்பர் சொல்ல, சனம் பின்னால் சொன்னது. பீடமும் குருவும் இல்லாத அந்தச் செபம்தான் ஒரு தலைமுறையைக் கத்தோலிக்கராகவே காப்பாற்றிக் கொடுத்தது. மாந்தையில் இருந்த மாதா சுரூபத்தோடு காட்டுக்குள் போய் மருதமடுவில் நிலைத்தவர்களும் அந்தச் சனம்தான். இப்படி வாதிடுகிறவர்களே, உங்கள் அளவுகோலைப் பிடித்தால் அவர்கள் யாருமே செபிக்கவில்லை என்று ஆகிவிடும்.

வாஸ் அடிகள் வந்த பிறகும் குருக்கள் மிகச் சிலரே. 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் அந்தப் பற்றாக்குறைக்கு என்ன வழி கண்டார்? எழுதினார். தமிழிலும் சிங்களத்திலும் ஓயாமல் எழுதினார். தாம் போக முடியாத ஊருக்கு அவருடைய ஏடு போனது. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டு அழுதார்கள். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இன்றும் படிக்கிறோம். எழுதியவர் இறந்து 280 ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் நேரில் இல்லை என்பதற்காக அந்தக் கண்ணீர் பொய்யாகுமா? இன்னும் பின்னே போனால் 1544. பிரான்சிஸ் சவேரியார் மன்னாருக்குத் தாம் வராமல் வேறொரு குருவை அனுப்பி ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். அப்படி வந்த விசுவாசத்துக்காகத்தான் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் வாளுக்கு ஏறக்குறைய 600 பேர் கழுத்தை நீட்டினார்கள்.

உங்கள் வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. நற்கருணையைத் திரை வழியே உட்கொள்ள முடியாது. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002லேயே எழுதிவைத்தது. பிரான்சிஸ் பாப்பரசரும் 2020 ஏப்ரலில், திரையோடு நின்றுவிடும் விசுவாசத்தைப் பற்றி எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை எடுத்துக்காட்டுகிற நீங்கள், அது எங்கே பேசப்பட்டது என்பதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்? கொரோனா ஊரடங்கில் முடங்கிக் கிடந்த மக்களுக்காக அவர் நாள்தோறும் நேரலையில் நிறைவேற்றிய திருப்பலியின் மறையுரையில்தான் அதைச் சொன்னார். நற்கருணைக்குப் பொருந்தும் விதியைச் செபமாலைக்கும், நவநாளுக்கும், நோயாளிக்கான மன்றாட்டுக்கும் இழுத்து நீட்டியது திருச்சபை அல்ல, நீங்கள்.

2019 ஏப்ரல் 28ஐ மறந்துவிட்டீர்களா? உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு அடுத்த ஞாயிறு அது. நாடெங்கும் ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை சிற்றாலயத்தில் நிறைவேற்றிய திருப்பலியைத் தொலைக்காட்சி முன்னால் முழந்தாளிட்டுத்தான் இலங்கைக் கத்தோலிக்கர் கண்டார்கள். அன்று அழுதவர்களைப் பார்வையாளர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வீர்களா? பேசாலையில் உடக்குப் பாஸ் என்னும் திருப்பாடுகளின் காட்சி நடக்கும்போது உயிரற்ற உருவங்களுக்கு முன்னால் மார்பில் அடித்துக்கொள்கிறவர்களையும் அப்படியே அழைப்பீர்களா?

சமூக வலைத்தளத்தில் குப்பை இருக்கிறது என்பதற்கு நீங்கள் எனக்குச் சாட்சி காட்ட வேண்டாம். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று மிரட்டும் செபங்கள், குணமாக்கும் காட்சியைக் காட்டிக் கடைசியில் வங்கிக் கணக்கு இலக்கம் போடும் போதகர்கள், நோயாளியின் பெயரையும் நோயையும் ஊருக்கே பரப்பும் குழுக்கள், நன்மை வாங்கும்போது முகத்துக்கு முன்னே நீளும் கமெரா எல்லாமே எனக்கும் கோபம் தருகின்றன. அதனால்தான் கேட்கிறேன்: மறைக்கல்வி ஆசிரியரும் பங்குத்தந்தையும் அங்கிருந்து எழுந்து போய்விட்டால், அந்தத் திரையில் நம் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லப்போவது யார்? பொய்ச் செபத்தைப் பொய் என்று எழுதவாவது ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

1990இல் போருக்குத் தப்பி மன்னார்க் கரையிலிருந்து வள்ளமேறி அக்கரைக்குப் போனவர்களில் பலர் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில்தான் இருக்கிறார்கள். மகள் லண்டனில், மகன் டோகாவில், தாய் தாழ்வுபாட்டில் படுக்கையில் என்று சிதறிய குடும்பங்கள் நம் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. ஆகஸ்ட் 15 அன்று மருதமடு அன்னையின் திருவிழாத் திருப்பலியை நேரலையில் கண்டு, ஒரே நேரத்தில் அருள்நிறை மரியே சொல்கிறவர்கள் அவர்கள். அந்தக் கமெராவை அணைக்கச் சொல்கிறவர்கள் முதலில் மண்டபம் முகாமுக்குப் போகட்டும். அங்கிருக்கும் ஒரு மூதாட்டியின் முன்னால் உட்கார்ந்து, அம்மா, நீங்கள் செய்வது செபமல்ல என்று சொல்லட்டும். அதன் பிறகு எழுதட்டும், நான் பதில் சொல்கிறேன்.