வைக்கோல்போர் நாயும் கூலிப்படையும்

"காதல் காமெடிதானே, அதுல எதுக்குங்க சாதி?" என்று கேட்டார் நாடக நண்பர் ஒருவர். லோபே தே வேகாவின் ஸ்பானிய நாடகம் ஒன்றைப் புதிதாக மொழிபெயர்த்து காவேரிப்பட்டினத்தில் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். (பூம்புகார் இல்லை. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஊர்.) அவர் மனதில் இருந்தது இறகு வைத்த தொப்பி, நேபிள்ஸ் நகரத்து நிலா, ஒரு கிடார். அப்படி என்றால் போடவே வேண்டாம் என்பது என் கட்சி.

1618இல் அச்சான நாடகம் இது. ஸ்பானியத் தலைப்புக்குத் 'தோட்டக்காரனின் நாய்' என்று பொருள்: தானும் தின்னாது, அடுத்தவரையும் தின்ன விடாது. நம்ம வைக்கோல்போர் நாயேதான். தியானா என்ற சீமாட்டி தன் காரியதரிசி தியோதோரோவை விரும்புகிறாள். கட்டிக்கொள்ள முடியாது. தன் வேலைக்காரி மார்செலாவுக்கு விட்டுக்கொடுக்கவும் மனசு வராது. மூக்கில் ரத்தம் வருகிற மாதிரி அவனை அறைகிறாள், பிறகு அந்த ரத்தக் கைக்குட்டையைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறாள்!

தடை எங்கே இருக்கிறது? பிறப்பில். ஸ்பானியத்தின் 'ஓனோர்' என்ற சொல்லை 'அந்தஸ்து' என்று போட்டால் நாடகமே செத்துவிடும். அந்தஸ்தைக் காசு சம்பாதித்து ஏற்றிக்கொள்ளலாம். இங்கே கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் வேலைக்காரன் த்ரிஸ்தான் ஒரு கிழட்டுப் பிரபுவை ஏமாற்றி, காணாமல்போன உன் மகன் இவன்தான் என்று நம்பவைக்க வேண்டியிருக்கிறது. பிறந்த வீட்டையே மாற்றுகிறான். ஸ்பானியக் குலப்பெருமையும் நம் சாதியும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காவேரிப்பட்டினத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இதற்கு வேறு என்ன பெயர் தெரியும்?

வடிவத்துக்கும் தொப்பி தேவையில்லை. முழுக்கச் செய்யுள் நாடகம் இது. 1996இல் பிலார் மிரோ படமாக எடுத்தபோதுகூட செய்யுளை விடவில்லை. எந்தக் கட்டத்துக்கு எந்த யாப்பு என்று 1609லேயே எழுதிவைத்தவர் லோபே. காத்திருப்பவர்களுக்கு சானெட் என்பார். நம் தெருக்கூத்தில் விருத்தம் இருக்கிறது, தரு இருக்கிறது, வசனம் இருக்கிறது. த்ரிஸ்தானுக்குக் கட்டியங்காரனைத் தவிர வேறு யார்?

நண்பர் வெட்டச் சொன்னது இரண்டு இடங்களை. தியானாவைக் கட்ட நினைக்கும் இரண்டு பிரபுக்கள் தியோதோரோவைக் கொல்ல ஆள் பிடிக்கிறார்கள். அவர்களிடம் அட்வான்ஸ் வாங்கும் 'ரவுடி' த்ரிஸ்தானேதான். கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும். அடுத்தது இன்னும் மோசம்: கல்யாணம் கைகூடியதும், ரகசியம் வெளியே போகாமலிருக்க த்ரிஸ்தானைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்கிறாள் தியானா. யாரு? நம்ம கதாநாயகி!

2018இல் ஓசூர்ப் பக்கத்தில் சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஒரு ஜோடியைக் கொன்று, கர்நாடகா கொண்டுபோய் காவிரியில் வீசினார்கள். இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு, கூலிப்படை 'காமெடிக்கு ஒட்டாது' என்று ஒருத்தர் சொன்னால் எனக்குக் கோபம் வராதா? லோபே அதை ஒட்டவைத்துத்தான் எழுதியிருக்கிறார். சோகத்தையும் சிரிப்பையும் கலக்காதே என்ற பழைய விதியை வேண்டுமென்றே மீறியவர் அவர். அவருக்கில்லாத பயம் நமக்கு எதற்கு?

கடைசிக் காட்சியில் பொய் உடைவதே இல்லை. கிழவர் கடைசிவரை நம்புகிறார். தியோதோரோ பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, என் ரகசியத்தை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறான். மயானக் கொள்ளை சமயத்தில் விடிய விடிய ஆடி, வெளுக்கிற நேரத்தில் நம் ஊர்க் கூத்துக்காரர் ஒருவர் அதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வேண்டும். முன்வரிசையில் யார் யார் தலையைக் குனிகிறார்கள் என்று எனக்குப் பார்க்கணும்.